யாழுக்கு இட்ட பலகை

திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக்குச் சென்ற வரலாற்றைப் பெரிய புராணத்தில் பலரும் படித்திருப்பர். ஆலவாய்க் கோயிலுள் இறைவன் திருமுன்னர்ப் பாணர் அமர்ந்து யாழை மீட்டுகின்றார். அப்பொழுது வானில் ஒரு வாக்கு எழுகின்றது. நிலத்தின் குளிர்ச்சி பட்டால் யாழின் கட்டு இளகிப் போகும். ஆதலால் பாணருக்கு ஓர் அழகிய பலகை இடுக என்பது அவ்வாக்கின் கருத்து. தொண்டர்கள் உடனே பலகை இடுகின்றனர். பாணர் அதன்மீது ஏறி அமர்ந்து வாசிக்கின்றார்.

சமயச் சொற்பொழிவாளர்கள் இவ்விடத்தில் இறைவனின் எளிவந்த கருணையை விரித்துப் பேசுவர். பாணர் குலத்தவர் கோயிலுக்குள் செல்ல இயலாத காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஆகையால் அது பொருத்தமே. ஆயினும் இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் உள்ளம் அந்தப் பலகையிலேயே நின்றுவிடும். இசைக்கருவிக்கு ஈரமே பெரும் பகை என்பதும், ஈரத்துக்கும் கருவிக்கும் இடையே ஒரு மரத்துண்டு இருந்தால் போதும் என்பதும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கின்றன. கருவி பழகியவர் அருகில் இருந்து பாராத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது.

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கருவியைப் பற்றி எழுதுவர். அதை வாசித்த மேதைகளைப் பற்றி எழுதுவர். ஆதரித்த அரசரையும் எழுதுவர். கருவியை வைத்திருந்த பையையும் பெட்டியையும் பற்றி எழுதுவார் மிகச் சிலர். ஆனால் எந்தக் கருவி நம் கைக்கு வந்து சேர்ந்தது, எது வாராமற் போயிற்று என்று பார்த்தால், அதில் பெட்டிக்கு உள்ள பங்கு சிறிதன்று. அதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றேன்.

நம் பழைய இலக்கியத்தில் கருவியை வைக்கும் பைக்குத் தனிப் பெயரே இருந்தது. அது 'கலப்பை'. மாணவர்களைக் கேட்டால் உழும் கலப்பையைத்தான் சொல்வர். கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, இட்டுக் கட்டிய பை என்பது இச்சொல்லின் மற்றொரு பொருள். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் கூத்தர் கூட்டத்தை நம் கண்முன் நிறுத்துகின்றார். முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று வரிசையாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பைகளில் சுருக்கிக் கட்டி, இரு பக்கமும் எடை ஒத்திருக்கக் காவடியில் தொங்கவிட்டு அவர்கள் நடப்பதாகப் பாடுகின்றார். அந்தப் பைகளைப் பார்த்தால் கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல் இருக்கிறதாம். வீணையும் மிருதங்கமும் இன்று பலாமரத்திலேயே கடையப்படுவதை நினைக்கும்போது இந்த உவமை இன்னும் சுவைக்கின்றது. புலவர் அதை நினைத்துப் பாடினார் என்று சொல்ல வரவில்லை. நமக்குக் கிடைத்த நயம், அவ்வளவுதான்.

காலால் நடந்து, மலை ஏறி, காட்டாறு கடந்து வள்ளலைத் தேடிச் செல்பவனுக்குப் பை ஏற்றது. பெட்டி சுமையாகும். ஆனால் பை கருவியைத் தூசியிலிருந்து காக்குமேயன்றி மழையிலிருந்தும் கரையானிலிருந்தும் நெடுங்காலம் காக்காது. பாணர் மரபு நலிந்தது, யாழ் வழக்கொழிந்தது. அதற்குக் காரணங்கள் பல. பை வைத்திருந்ததால் யாழ் அழிந்தது என்று யாரும் என் மீது பழி போட வேண்டாம். நான் சொல்வது வேறு. ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழர் வாசித்த அந்தக் கருவியில் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. பொருநராற்றுப்படையில் யாழின் பத்தர், போர்வை, ஆணி, மருப்பு, திவவு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாக வருணனை இருக்கின்றது. மரம் இல்லை. விபுலானந்த அடிகள் 1947-இல் அரங்கேற்றிய 'யாழ் நூல்' என்னும் பேராராய்ச்சிக்கு அடிகள் எவ்வளவு உழைத்தார் என்பதைத் தமிழுலகம் அறியும். பாட்டிலும் உரையிலும் உள்ள சொற்களைக் கொண்டு ஒரு கருவியை மீண்டும் சமைக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. ஒரே ஒரு பழைய யாழ், உளுத்துப் போன ஒரு யாழாவது, எங்கேனும் ஒரு பெட்டியில் கிடந்திருந்தால் அவ்வுழைப்பில் எத்தனை பங்கு மிச்சமாகியிருக்கும்!

மண்ணுக்குள் போன மரம் என்னவாகும் என்பதற்கு ஈராக்கில் உள்ள ஊர் என்னும் பழம்பதி சான்று. லெனார்ட் வுல்லி என்ற ஆங்கில ஆய்வாளர் 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்தார். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச கல்லறைகளில் யாழ் போன்ற நரம்புக் கருவிகள் இருந்தன. பொன்னால் ஆன காளைத் தலை அப்படியே இருந்தது; சிப்பியும் நீலக்கல்லும் இருந்தன; மரம் மட்டும் மக்கிப் போயிருந்தது. மரம் இருந்த இடம் மண்ணில் வெற்றுக் குழியாக நின்றதைக் கண்ட வுல்லி, அக்குழிகளுக்குள் சுண்ணச் சாந்தைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டார். அவ்வாறே அந்தக் கருவியின் வடிவம் வெளிப்பட்டது. மரம் விட்டுச் சென்ற வெற்றிடத்தை வார்த்தெடுத்தார் என்று சொல்லலாம்.

எகிப்தில் நிலைமை வேறு. அங்கே மணலும் வறட்சியும் காவல். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹர்மோசே என்னும் பாடகன் தீப்ஸ் நகருக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டான். அவனுடைய மூன்று நரம்பு வீணையும் சவப்பெட்டியோடு அவனுடன் சென்றது. நரம்பை மீட்டும் சிறு கருவிகூடக் கயிற்றில் கட்டியபடியே கிடைத்தது. கெய்ரோ அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் அதுவும் ஒன்று.

"எகிப்து வறண்ட நாடு, நம்முடைய மழை நாட்டில் பெட்டி என்ன செய்துவிடும்?" என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கு விடை ஜப்பானில் இருக்கின்றது. அதுவும் கோடையில் புழுங்கி வியர்க்கும் ஈர நாடுதான். நாரா நகரத்துத் தோடாய்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் ஷோசோயின் என்ற கருவூலம் உள்ளது. 756-ஆம் ஆண்டு ஷோமு பேரரசர் மறைந்தபின் அவர் பயன்படுத்திய பொருள்களை அரசி கோமியோ அக்கோயிலுக்குக் காணிக்கையாக்கினார். அவற்றுள் இசைக்கருவிகளும் இருந்தன. முத்துச்சிப்பி பதித்த ஐந்து நரம்புப் பீவா ஒன்று அங்கே உள்ளது. ஒட்டகத்தின் மீது அமர்ந்து வாத்தியம் வாசிக்கும் மனிதன் ஒருவன் அதன்மீது பொறிக்கப்பட்டுள்ளான். இந்த ஐந்து நரம்பு வகை இந்தியாவில் தோன்றி நடு ஆசிய வழியாகச் சென்றது என்று அறிஞர் கருதுகின்றனர். உலகில் இவ்வகையில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பழுது பார்த்தனர் என்பது உண்மைதான். எனினும் பழுது பார்க்க ஒரு பொருள் இருந்தது அல்லவா?

இது எவ்வாறு இயன்றது? கருவூலம் தரையினின்று உயர்த்திக் கட்டப்பட்ட மரக் கட்டடம். அதற்குள் கால் வைத்த மரப் பெட்டிகள். பெரும்பாலும் ஜப்பானியர் 'சுகி' எனும் ஒருவகைத் தேவதாரு மரத்தால் ஆனவை. அப்பெட்டிகளுக்குள் கருவிகள். வெளியே ஈரம் ஏறி இறங்கினாலும் பெட்டிக்குள் அந்த மாற்றம் மிகக் குறைவாகவே இருக்கிறது என்று ஆய்வாளர் அளந்து கண்டனர். மரம் ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். காற்று உலர்ந்தபோது மெல்ல வெளிவிடும். ஆகவே உள்ளே இருக்கும் மெல்லிய பலகை திடீரென்று உப்பவோ வெடிக்கவோ நேர்வதில்லை. அங்கே பீவாவை இட்டு வைத்த பட்டுப் பையும் இருந்தது. அது சிதைந்த துண்டுகளாகத்தான் கிடைத்துள்ளது. பை எப்படி, பெட்டி எப்படி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1962-க்குப் பின் அப்பொருள்கள் புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் அதற்கு முந்திய 1,200 ஆண்டுகளும் மரமே மரத்தைக் காத்தது.

சேக்கிழாரின் பலகையும் தரையினின்று கருவியை உயர்த்தியது. ஷோசோயின் பெட்டியின் கால்களும் அதையே செய்தன. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்.

இனி நம்மிடம் பெட்டியோடு பழகிய ஒரு கருவிக்கு வருவோம். அது பிடில். ஐரோப்பியர் வழியாகச் சென்னைக்கு வந்த அக்கருவியை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786) மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதில் பெரும்புகழ் பெற்றார். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

ஐரோப்பாவில் பிடிலுக்கு மரப் பெட்டி செய்வது பழைய வழக்கம். செல்வர்களுக்குத் தோல் போர்த்தி ஆணி அடித்த பெட்டி. 19-ஆம் நூற்றாண்டில் எளியவரிடம் இருந்தது மலிவான பலகையால் செய்து கறுப்பு வண்ணம் பூசிய பெட்டி. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய அதன் உருவைக் கண்டு ஆங்கிலேயர் அதற்குச் 'சவப்பெட்டி' என்றே பெயர் வைத்துவிட்டனர். ஹர்மோசேயின் கதையை அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை! பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது பிடில் என்று நினைப்போம். முழு அளவுப் பிடில் ஏறத்தாழ 23½ அங்குலந்தான். வில் 29 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே வில்லின் நீளத்துக்கே பெட்டி அமைய வேண்டியிருக்கிறது. வில்லை மூடியின் உட்புறத்தில் பொருத்துவர்.

இந்நாட்டுத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தபோது தகர டிரங்குப் பெட்டிகளோடு வந்தனர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அப்பெட்டிகளை வைத்திருக்கின்றனர். துணிக்கும் பத்திரத்துக்கும் டிரங்கு நல்லது. இசைக்கருவிக்கு அது ஆகாது. பகலில் தகரம் சூடேறும், இரவில் குளிரும், உள்ளே அடைபட்ட ஈரம் வியர்வை போல் அரும்பும், பூசணம் பூக்கும். பிடிலை ஒட்டியிருப்பது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது இளகி மூட்டு விட்டுப் போகும். வீணையின் மெட்டுகள் தேன்மெழுகில் நிற்பவை. வெயிலில் வைத்தால் அவையும் நகரும். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் மலாயாவில், மரப் பெட்டி ஆடம்பரமன்று.

ஆனால் மரத்துக்கு எங்கே போவது? சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மரம். அத்தனையும் பால்மரம். வெட்டிய சில நாளில் நீலம் பாயும், வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அக்காலத்தில் அது விறகுக்குத்தான் உதவியது. போரான் உப்பில் ஊற வைத்துப் பதப்படுத்தும் முறை 1970-களுக்குப் பின் பரவிய பிறகே பால்மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் வெளிநாடு சென்றது. ஆகையால் மர நடுவே வாழ்ந்தவர்களுக்குப் பெட்டி செய்யப் பலகை வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்தும் கொண்டிருந்தது! போருக்கு முந்திய காலத்தில் ரப்பர் தகடுகளை ஏற்றுமதி செய்ய 'வெனெஸ்டா' எனப்பட்ட ஒட்டுப்பலகைப் பெட்டிகளும் ஜப்பானிலிருந்து 'மோமி' மரப் பெட்டிகளும் இறக்குமதியாயின. உடைந்தவை, அளவு தவறியவை, ஓரம் பிளந்தவை என்று ஒதுக்கப்பட்டவை தோட்டத்து ஆசாரியின் கைக்குப் போயின. கோழிக்கூடும் அலமாரியும் ஆனதுபோலவே பிடில் பெட்டியும் ஆயிற்று.

பேராக் மாநிலத்துத் தோட்ட வீடு ஒன்றில் அவ்வாறு செய்த பெட்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் திறந்து பார்த்திருக்கின்றேன். வீட்டுப் பெரியவரின் தந்தை, பஜனைக் கோஷ்டியில் பிடில் வாசித்தவர், தாமே செய்தது. ரப்பர்ப் பெட்டியின் பலகை ஏறத்தாழ 2 அடி நீளந்தான். பிடில் பெட்டிக்கோ 2½ அடி வேண்டும். ஆகவே இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி, உட்புறம் ஒரு சட்டம் கொடுத்து இணைத்திருந்தார். அந்த ஒட்டு மூடியிலும் அடியிலும் ஒரே இடத்தில் வராமல் மாற்றி அமைத்திருந்தார். ஒரே இடத்தில் வந்திருந்தால் பெட்டி அங்கேயே முறியும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்காதவர் செய்த கணக்கு இது.

பெட்டியை அவர் முதலில் மூடியென்றும் அடியென்றும் பிரித்துச் செய்யவில்லை. ஆறு பக்கமும் மூடிய ஒரே கூடாகச் செய்துவிட்டு, பின்னர் மேற்பகுதியை வாளால் சுற்றிலும் அறுத்து எடுத்திருக்கிறார். அவ்வாறு செய்தால் மூடி அடியோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தும். ஐரோப்பியப் பெட்டித் தச்சரும் கையாளும் முறை இது. இவருக்கு யார் சொல்லித் தந்தார் என்று கேட்டேன். "தோட்டத்து ஆசாரி அப்படித்தான் செய்வார்" என்றார் பெரியவர்.

உள்ளே பிடில் அடிப்பலகையில் படுத்திருக்கவில்லை. உடலின் விளிம்புகளைத் தாங்க இரு பக்கமும் சிறு கட்டைகள். கழுத்துக்கு அரைவட்டமாகக் குடைந்த ஒரு கட்டை. தலைச்சுருள் எதையும் தொடாமல் காற்றில் நின்றது. மூடியைச் சாத்தினால் குதிரைக்கும் மூடிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. பெட்டி கீழே விழுந்தாலும் அடி உடலுக்கு நேரே போகாது. கட்டைகளின் மீது கம்பளி ஒட்டவில்லை, வேட்டித் துணியை நான்காய் மடித்துத் தைத்திருந்தார். கம்பளி என்றால் பூச்சி வரும் என்பது அவர் அறிந்த பாடம் போலும். பெட்டியின் அடியில் நான்கு மூலையிலும் ரப்பர்த் துண்டுகள் கால்களாக அறையப்பட்டிருந்தன. நாராவில் மரக்கால், பேராக்கில் ரப்பர்க்கால்.

மரம் எதுவாயினும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. மரம் தன் காலத்திலும் மூச்சு விடும். கருவாலி மரத்தினின்று எழும் புளிப்புக் காற்று ஐரோப்பியத் தேவாலயங்களில் ஆர்கன் கருவியின் ஈயக் குழல்களை அரித்துத் தின்றிருக்கிறது. இந்நாட்டில் சீனர் கடைகளில் கற்பூர மரப் பேழைகள் விற்றனர். பட்டுக்கு ஏற்றவை, அந்துப்பூச்சி அண்டாது. ஜெலுத்தோங் மரம் இலேசானது, வளையாதது, அறுக்க எளிது. இன்று புதிதாகச் செய்வோர்க்கு அதையே நான் சொல்வேன். செங்கால் மரத்தில் செய்தால் கரையான் தொடாது; தூக்கிச் செல்லத்தான் இருவர் வேண்டும்.

நாதசுவரக்காரர்கள் இந்தக் கவலையில் பெரிதும் சிக்கவில்லை. ஆச்சா மரக் குழல் உரமானது. அதற்குத் துணிப் பை போதும். பழைய வீடுகளின் உத்தரக் கட்டைகளைக் கடைந்தே நல்ல நாதசுவரம் செய்வர் என்பதால் அம்மரம் ஏற்கெனவே பல மழையைப் பார்த்ததுதான்.

ரப்பர்த் தகடுகளைப் பெட்டியில் அடைக்கும் வழக்கம் மறைந்து வெறும் பொதிகளாகக் கட்டும் வழக்கம் வந்தது. 1965-இல் தரமிட்ட கட்டி ரப்பர் முறை தொடங்கியபின் பழைய பெட்டிப் பலகைகள் அறவே அருகின. பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றபோது பிடிலைக் கொண்டு சென்றார்கள். பெட்டியை விட்டுச் சென்றார்கள். கடையில் புதிய பெட்டி, நுரை வைத்தது, இழுவைப்பூட்டு உள்ளது, மலிவாகக் கிடைக்கும்போது பழைய பலகைப் பெட்டியை யார் சுமப்பார்? நான் கண்ட அந்தப் பெட்டியும் இப்போது எங்கே இருக்கிறது என்று அவ்வீட்டாருக்கே தெரியவில்லை. அதன் மூடிக்குள் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் தலைகீழாக அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தத் தோட்டமும் இன்றில்லை. யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தக் கோஷ்டி என்பதற்கு வேறு எழுத்து எதுவும் அதில் இல்லை.

வாசகர்களுள் எவர் வீட்டிலாவது பரண்மேல் இத்தகைய பெட்டி கிடக்கலாம். பிடில் பெட்டி மட்டுமன்று. ஆர்மோனியத்துக்கும் வீணைக்கும் தபலாவுக்கும் செய்தவையும் உண்டு. அதைச் செய்தவர் பெயர், தோட்டம், ஆண்டு, மரம், வாசித்தவர் பெயர் ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்க. இல்லையேல் தாளைப் பூச்சி தின்றுவிடும். துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்க.